குரலால் களம் காட்டியவர்!

சூளைக்கு முன்னால் நிற்கும் தொழிலாளிக்குக் கண்கள் இரண்டு. இரண்டும் சூளைக்குச் சொந்தம்! கைகள் இரண்டு. இரண்டும் மண்ணுக்குச் சொந்தம்! அவனுக்கென்று மிச்சம் இருப்பவை காதுகள்தாம். முதலாளி இன்னும் அவற்றுக்கு வேலை கொடுக்கவில்லை!

விருத்தாசலத்துத் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் பீங்கான் தொழிற்பேட்டையில் களிக்கூழை அச்சில் ஊற்றுகிறவன், அது இறுகும் பதம் பார்த்துப் பிரித்தெடுக்கிறவன், விளிம்பு தேய்க்கிறவன், கிளேஸில் தோய்க்கிறவன், 1,200 பாகை வெப்பத்தில் வேகும் சூளையை இரவெல்லாம் காவல் காக்கிறவன் — இவர்களில் யாராவது வேலை நேரத்தில் தலையை நிமிர்த்தி ஒரு திரையைப் பார்க்க முடியுமா? பார்த்தால் பொம்மையின் மூக்கு போகும். அகல் விளக்கின் விளிம்பு சிதையும். ஒரு நாள் கூலியில் ஒரு பகுதி கழியும். ஆனால் கேட்கலாம்! கேட்டார்கள்! அலமாரித் தட்டில் பீங்கான் தூசி படிந்து வெள்ளையாகிப் போன ஒரு வானொலிப் பெட்டி, சென்னையையோ திருச்சியையோ புதுவையையோ பிடித்துக் கொண்டு, பொங்கலை ஒட்டிய நாட்களில் கிரிக்கெட் பேசும். எங்களில் பலர் சேப்பாக்கம் மைதானத்தின் வாசலைக்கூட மிதித்தவர்களல்லர். எனினும் எந்தப் பக்கத்திலிருந்து காற்று வீசுகிறது, எந்த முனையிலிருந்து பந்து வருகிறது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். எப்படித் தெரியும்? ஒருவர் சொன்னார், நாங்கள் கண்டோம்!

அப்படிச் சொன்னவர்களுள் ஒருவரைப் பற்றியதே இந்தக் கட்டுரை. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் அவர்கள். 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்தார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் காவல் நிலையக் கொடுமையால் அவருடைய ஊரின் பெயர் நாடெங்கும் அடிபட்டது, நினைவிருக்கும். சாத்தான்குளம் என்றதும் அந்தக் கொடுமை மட்டுமே நினைவுக்கு வருவது அந்த ஊருக்குச் செய்யும் அநீதி. அந்த மண் ஒரு குரலையும் தந்திருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்வோம்.

ஜப்பார் அவர்கள் கிரிக்கெட்டின் வழியாக வானொலிக்கு வந்தவரல்லர். நாடகத்தின் வழியாக வந்தவர். இலங்கை வானொலியில் நாடகக் கலைஞராகத் தொடங்கிய வாழ்வு அது. இலங்கை வானொலி என்றால் சாதாரணமா? மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்கள் தமிழ்நாட்டுத் தெருக்களையே கடல் கடந்து ஆண்ட காலம் ஒன்று இருந்தது. இங்கே அகில இந்திய வானொலி விறைப்பாக நின்று செய்தி வாசித்துக் கொண்டிருந்தபோது, அங்கிருந்து வந்த தமிழ் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போல் பேசியது. சொல்லை முழுதாக உச்சரிப்பது, மூச்சை எங்கே நிறுத்துவது என்று அறிவது, முகம் காட்டாமல் முகபாவம் காட்டுவது — வானொலி நாடகம் கற்றுத் தரும் பாடங்கள் இவை. மேடை நடிகனுக்குக் கண்ணும் கையும் துணை நிற்கும். வானொலி நடிகனுக்குத் தொண்டை ஒன்றே துணை. அந்தத் தொண்டையோடு அவர் விளையாட்டுக் களத்துக்கு வந்தார்.

1980-இல் சென்னையில் தமிழ்நாடும் கேரளமும் மோதிய ரஞ்சிக் கோப்பை ஆட்டம். அதில் அவர் தமிழில் வர்ணனை செய்தார். தமிழ் கிரிக்கெட் வர்ணனை தவழத் தொடங்கிய காலம் அது. கூத்தபிரான், ராமமூர்த்தி ஆகியோரும் அந்தத் துறையில் பெயர் பெற்றவர்கள். சிறுவர்க்கு வானொலி அண்ணாவாக இருந்த அதே கூத்தபிரான்தான்!

இதிலே என்ன புதுமை என்று இளந்தோழர்கள் கேட்கலாம். சென்னை வானொலி நிலையம் 1938-இல் பேசத் தொடங்கியது. திருச்சி நிலையம் 1939-இல். பம்பாயிலே தல்யார்கான் என்பவர் 1934-லேயே கிரிக்கெட்டை ஒலிபரப்பிவிட்டார். ஒலிவாங்கியை இன்னொருவரோடு பங்கிட்டுக் கொள்ள மாட்டேன் என்று, நாள் முழுவதும் தாமே பேசிய மனிதர் அவர்! ஆனால் பேசியது ஆங்கிலம். கல்கத்தாவில் அஜய் போஸ், கமல் பட்டாச்சார்யா போன்றோர் வங்க மொழியில் வர்ணித்தார்கள். கால்பந்து ரசிகன் ஒவ்வொருவனும் தன் தாய்மொழியில் கோல் போட்டான்! தமிழன் என்ன செய்தான்? ஆங்கிலம் தெரிந்த கணக்குப்பிள்ளை வானொலியைக் கேட்டுச் சொல்ல, சுற்றி நின்று, ‘என்னங்க ஆச்சு? அவுட்டா?’ என்று கேட்டான். கணக்குப்பிள்ளை வெற்றிலை எச்சில் துப்பிவிட்டு வந்து சொல்வதற்குள் அடுத்த ஓவர் போய்விடும்! ஆட்டம் எல்லோருக்கும் பொது. ஆனால் அதன் செய்தி மட்டும் படித்தவன் வாயைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைத்தான் தமிழ் வர்ணனை முடித்து வைத்தது.

முடித்து வைத்தது என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன். அது அவ்வளவு எளிதான வேலையா? கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் இந்தத் தொழிலின் நுட்பம் பலருக்குத் தெரியாது.

ஆங்கிலத்தில் வினைச்சொல் வாக்கியத்தின் நடுவிலேயே வந்துவிடும். ‘அடித்தான்’ என்பதை முதலில் சொல்லிவிட்டு, எங்கே, எப்படி, யார் தடுத்தார் என்பதைப் பந்து ஓட ஓடச் சேர்த்துக் கொண்டே போகலாம். தமிழில்? ‘கவாஸ்கர் அந்தப் பந்தை முன்காலில் வந்து, இடது கைப்பக்கம் நின்றிருந்த களத்தடுப்பாளருக்கும் எல்லைக்கோட்டுக்கும் இடையிலே...’ என்று போய்க் கொண்டே இருந்தால், ‘அடித்தார்’ என்ற சொல் வருவதற்குள் வீச்சாளர் அடுத்த பந்துக்கு ஓடி வந்து கொண்டிருப்பார்! மேடைத் தமிழுக்கு அழகு சேர்க்கும் நீண்ட வாக்கியம் ஆடுகளத்தில் காலை வாரிவிடும். ஆகவே வர்ணனையாளன் வாக்கியத்தை உடைக்க வேண்டும். வந்தார். வீசினார். மட்டையில் பட்டது. இடப்பக்கம். துரத்துகிறார். நான்கு! ஒவ்வொரு சொல்லும் ஒரு முழு வாக்கியம். அதே நேரத்தில் இரண்டு பந்துகளுக்கு இடையே கிடைக்கும் அரை நிமிடத்தில் சொல்லை மறுபடி நீட்டி, ஓட்ட எண்ணிக்கை சொல்லி, யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லி, கேட்பவனை நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டும். சுருக்கவும் நீட்டவும் தெரிந்த குரல் எங்கே பழகும்? நாடகத்தில்தான்! ஜப்பார் அவர்களின் குரல் எடுபட்டதன் காரணங்களில் இதுவும் ஒன்று என்பது என் எண்ணம்.

அடுத்தது சொல். ஓட்டம், பந்துவீச்சாளர், மட்டை, களத்தடுப்பு, எல்லைக்கோடு, சுழற்பந்து, நடுவர், சதம், ஆட்டமிழந்தார் — இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் சிந்திக்காமல் சொல்லும் சொற்கள். ஏடுகளின் விளையாட்டுப் பக்கங்களும் வானொலியும் சேர்ந்து, சொல்லிச் சொல்லிப் பழக்கியவை. ஏட்டில் எழுதுகிறவர் தயங்கினால் பேனாவைக் கடித்துக் கொண்டு அரைமணி யோசிக்கலாம். வர்ணனையாளருக்கு அந்தச் சலுகை ஏது? சொல் அந்த நொடியில் வாயில் இருக்க வேண்டும். தூய தமிழ்தான் பேசுவேன் என்று ‘விக்கெட்’டுக்கு ஒரு சொல்லைத் தேடிக் கொண்டிருந்தால் விக்கெட் விழுந்ததே கேட்பவனுக்குத் தெரியாமல் போகும். எல்லாம் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டால், பின்னர் தமிழ் வர்ணனை எதற்கு? இந்த இரண்டுக்கும் நடுவே வரப்பின் மேல் நடப்பது போல் நடந்தார்கள். ‘விக்கெட்’டை விட்டு வைத்தார்கள், ‘ரன்’னை ஓட்டமாக்கினார்கள். மொழிப் பற்றைப் பற்றி மேடையில் மணிக்கணக்கில் முழங்கும் நாம், கைதட்டல் எதிர்பாராமல் ஒரு தகரக் கூரைக்கடியில் உட்கார்ந்து அதே பணியைச் செய்தவர்களை எத்தனை முறை நினைத்திருக்கிறோம்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

ஒரு நாள் முழுவதும் விக்கெட்டே விழாவிட்டால் வர்ணனையாளன் என்ன செய்வான்? கற்பனைக் கேள்வியல்ல. 1982 ஜனவரியில் இங்கிலாந்துக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்டின் இரண்டாம் நாளில் அதுதான் நடந்தது. விசுவநாத்தும் யஷ்பால் சர்மாவும் காலையில் தொடங்கி மாலை வரை ஆடினார்கள். விசுவநாத் எடுத்தது 222, யஷ்பால் 140, இருவரும் சேர்த்தது 316. மைதானத்தில் இருப்பவனுக்குக் கரும்பு உண்டு, கடலை உண்டு, பேச்சுத் துணை உண்டு. வானொலிக்கு முன் இருப்பவனுக்கு? வர்ணனையாளனின் சொல் ஒன்றுதான் உண்டு. அது அலுத்தால் பெட்டியின் காதைத் திருகிவிடுவான். எதுவும் நடக்காத நேரத்தில் பொய் சொல்லாமல் ஒருவனைக் கேட்க வைப்பது பெரிய கலை. பரபரப்பில் கத்துவது யாராலும் முடியும்.

பரபரப்பும் சேப்பாக்கத்துக்குக் குறைவில்லை. 1983 டிசம்பரில் மேற்கிந்தியரின் வேகத்துக்கு முன், ஓட்டம் ஏதும் இன்றி இரண்டு விக்கெட்டுகள் சரிந்த நிலையில் உள்ளே வந்த கவாஸ்கர், ஆட்டமிழக்காமல் 236 எடுத்து, பிராட்மனின் 29 சதங்களைத் தாண்டி 30-ஆவது சதம் கண்டது இங்கேதான். 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுடன் சமனில் முடிந்த ஆட்டம் நடந்ததும் இங்கேதான். எண்ணிப் பாருங்கள் தோழர்களே! ஐந்து நாள் வெயில். டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்தபடியே 210 ஓட்டங்கள் எடுத்தார். இந்தியாவுக்கு இலக்கு 348. கடைசி ஓவர், கையில் ஒரே விக்கெட், தேவை நான்கு ஓட்டங்கள். மாத்யூஸ் வீசுகிறார். ரவி சாஸ்திரி இரண்டு எடுத்தார், அடுத்து ஒன்று எடுத்தார், எண்ணிக்கை சமம். மணிந்தர் சிங் மட்டையோடு நிற்கிறார். நான்காவது பந்து தடுக்கப்பட்டது. ஐந்தாவது பந்து காலில் பட்டது. நடுவரின் விரல் உயர்ந்தது. 347-இல் முடிந்தது! வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை. டெஸ்ட் கிரிக்கெட்டில் அதற்கு முன் 1960-இல் பிரிஸ்பேனில் ஒரே ஒரு முறை நடந்திருந்த அதிசயம். இத்தகைய நேரத்தில் ஒலிவாங்கியின் முன் இருப்பவன் முதலில் என்ன சொல்ல வேண்டும்? ‘அவுட்’ என்றா, ‘சமம்’ என்றா? தோற்றுவிட்டோம் என்று கேட்பவன் எண்ணி நெஞ்சில் அடித்துக் கொள்வதற்குள், இல்லை, தோற்கவில்லை என்று சொல்லியாக வேண்டும். கண்ணால் காண்பவனுக்கே விளங்காத முடிவைக் காதால் கேட்பவனுக்கு ஒரே மூச்சில் விளக்க வேண்டும். இந்த இடத்தில் ஒரு சொல் தவறினால் ஆயிரக்கணக்கான வீடுகளில் தவறான முடிவு பதிவாகிவிடும்.

இவ்வளவு பொறுப்புக்கு என்ன ஊதியம், என்ன பாதுகாப்பு என்று தொழிற்சங்கத் தோழர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். வர்ணனையாளர்கள் பெரும்பாலும் வானொலியின் நிலையான ஊழியர்களல்லர். குரல் தேர்வில் தேறிப் பட்டியலில் இடம் பெற்று, ஆட்டம் வரும்போது அழைக்கப்பட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பேசிவிட்டுப் போகிறவர்கள். ஆட்டம் இல்லையேல் அழைப்பில்லை; அழைப்பு இல்லையேல் கூலியில்லை. நம் தொழிற்பேட்டையில் தீபத் திருநாளுக்கு முன் அகல் விளக்கு வேலைக்கு ஆள் எடுத்து, கார்த்திகை முடிந்ததும் ‘போய் வா’ என்பார்களே, அது போலத்தான்! ஆகவே இந்தத் துறைக்கு வந்தவர்கள் வயிற்றுக்கு வேறு வழி பார்த்துக் கொண்டு, ஆசைக்காக இதைச் செய்தார்கள். ஜப்பார் அவர்களும் வர்ணனையோடு நிற்கவில்லை. நூல்கள் எழுதினார், நாடகங்களில் நடித்தார், லண்டன் ஐ.பி.சி. தமிழ் வானொலியிலும் அவர் குரல் ஒலித்தது. புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் பனியிலே நடுங்கிக் கொண்டு தாய்மொழியில் கிரிக்கெட் கேட்டார்கள் என்றால், சாத்தான்குளத்துக் காற்று எவ்வளவு தொலைவு வீசியது பாருங்கள்!

இங்கே ஒரு கணக்கு. ஹிந்தி வர்ணனையாளர் ஜஸ்தேவ் சிங் அவர்களுக்குப் பத்மஸ்ரீ வழங்கினார்கள். பின்னர் 2008-இல் பத்மபூஷணும் வழங்கினார்கள். ரவி சதுர்வேதி அவர்களுக்கு 2012-இல் பத்மஸ்ரீ. சுஷில் தோஷி அவர்களுக்கு 2016-இல் பத்மஸ்ரீ. மூவரும் தகுதியுள்ளவர்கள், மகிழ்ச்சியே! ஆனால் அந்தப் பட்டியலில் அப்துல் ஜப்பார் என்ற பெயரைத் தேடினேன். இல்லை. டில்லியின் காதுக்குத் தமிழ் கேட்கவில்லை போலும்!

பல்லாண்டுகளாக நாடு முழுவதற்கும் ஒலிபரப்பான வர்ணனை எந்த மொழியில் வந்தது? ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி வந்தது. கால் மணி நேரம் ஒருவர், கால் மணி நேரம் இன்னொருவர். நம் சூளைத் தொழிலாளிக்கு இரண்டும் ஒன்றே. ஓட்ட எண்ணிக்கை மட்டும் புரியும். வானொலி என்ற அருமையான சொல் இருக்க, ஆகாசவாணி என்று பெயர் சூட்டியதை எதிர்த்து 1950-களிலேயே தமிழகத்தில் குரல் எழுந்தது. 2023 மே மாதத்திலும் அதே பெயரை வற்புறுத்தி ஆணை வந்தது. அதே எதிர்ப்பும் வந்தது. பெயர்ப்பலகைக்காகப் போராடினோம், சரி. அந்தப் பலகைக்கு உள்ளே நாள் முழுவதும் எந்த மொழி பேசப்படுகிறது என்ற கேள்விக்கும் அதே வேகம் வேண்டாமா?

சட்டம் இல்லாமல் இல்லை. 1993-இல் ஹீரோ கோப்பை ஒளிபரப்பு யாருக்கு என்று எழுந்த வழக்கில், 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. பொதுச் சொத்து! நம் சொத்து! 2007-இல் வந்த சட்டம், தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஆட்டங்களின் ஒலியையும் ஒளியையும் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியோடு பகிர்ந்து கொள்ள வேண்டும் என்கிறது. ஐ.பி.எல். ஆட்டங்களின் 2023 முதல் 2027 வரையிலான உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விலை போயிருக்கிறது. இவ்வளவு கோடிகள் புரளும் ஆட்டத்தில், அகல் விளக்கு செய்கிறவன் காதுக்கு இலவசமாக ஒரு குரல் தருவதில் யாருக்கு என்ன நட்டம்?

தனியார் தொலைக்காட்சி தமிழுக்கு இடம் தரவில்லை என்று சொல்ல மாட்டேன், உண்மையை மறைக்கலாகாது. 2017-இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் என்று தனி அலைவரிசையே தொடங்கினார்கள். ஸ்ரீகாந்த், பத்ரிநாத், ஹேமங் பதானி, பாலாஜி என்று நாட்டுக்காக ஆடியவர்களே தமிழில் பேசுகிறார்கள். பந்து ஏன் திரும்பியது என்று அவர்கள் சொல்லும்போது, களத்தில் நின்றவனின் அறிவு தெரிகிறது. அது பழைய வானொலிக்காரர்களிடம் இல்லாத செல்வம். கபடியைக்கூடத் தமிழில் கேட்கிறோம். நம் வட்டாரத்துப் பொங்கல் கபடிப் பந்தயங்களில் ஒலிபெருக்கி பிடித்து விடிய விடியப் பேசும் நம்மூர் இளைஞர்கள், ‘நாங்கள் பேசியதைத்தானே இவர்கள் பேசுகிறார்கள்’ என்று மீசையை முறுக்கிக் கொள்ளலாம்!

ஆயினும் ஒரு வேறுபாடு. திரையில் பேசுகிறவர் கண்ணுள்ளவனுக்குப் பேசுகிறார். படம் ஆட்டத்தைக் காட்டிவிடுகிறது. அவர் சிரிக்கலாம், கேலி பேசலாம், சினிமா வசனம் சொல்லலாம். அன்றொரு நாள் கைப்பேசியை அலமாரித் தட்டில் வைத்துவிட்டு வேலை பார்த்தபடி கேட்டேன். ஐந்து நிமிடம் கலகலப்பாகப் பேசினார்கள். நான்கு பேர் சேர்ந்து சிரித்தார்கள். ஆனால் பந்து எங்கே போனது? ஒருவரும் சொல்லவில்லை! அவர்கள் மேல் தவறில்லை. நான் பார்த்துக் கொண்டிருக்கிறேன் என்று நினைத்துப் பேசினார்கள். நானோ கிளேஸ் தொட்டிக்கு முன்னால் இருந்தேன். ஜப்பார் அவர்கள் காலத்து வர்ணனையாளன் நான் பார்க்கவில்லை என்று தெரிந்து பேசினான்.

சேப்பாக்கத்தில் மட்டுமல்ல, இந்தியா ஆடும் பெரிய ஆட்டங்கள் எங்கு நடந்தாலும் தமிழ் நிலையங்களில் பந்துக்குப் பந்து தமிழ் வர்ணனை வேண்டும். எப்போதோ கிடைக்கும் சலுகையாக அல்லாமல், முறையான நிகழ்ச்சியாக வேண்டும். புதிய குரல்களுக்குத் தேர்வு வைத்து, உரிய ஊதியம் தர வேண்டும் என்று எங்கள் பேட்டைத் தோழர்கள் ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். பீங்கான் கைகளின் வெள்ளைச் சுவடு பக்கங்களில் படிந்திருக்கிறது. மறுபடி எழுதலாமா என்று ஒருவர் கேட்டார், வேண்டாம் என்று விட்டுவிட்டோம். சந்திப்பு ரயில் நிலையம் போகும் வழியில், தொழிலாளர் கூடும் தேநீர்க் கடையில் மனு இருக்கிறது. பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.